சொல்லே அரணாக

நுழையும்முன்

பரந்த நிலமும் பெரும்படையும் உடைய நாடு தன் உரிமையைத் தன் வலிமையால் காத்துக்கொள்ளும். நிலமும் படையும் ஆற்றுநீரும்கூடப் போதாத ஒரு சிறு தீவு நாடு எதனைக்கொண்டு தன்னைக் காக்கும்? நம் தமிழர் பலர் பங்கேற்று வளர்த்த சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சகம் இவ்வினாவிற்கு 60 ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. அத்தேடலை விளக்குவது இக்கட்டுரை.

தூதும் எல்லையும்

தமிழகத்தின் வட எல்லையை ஒட்டிய திருத்தணி, பழந்தொண்டை நாட்டைச் சேர்ந்த ஊர். அந்நாட்டை ஆண்ட தொண்டைமானிடம் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் சென்ற செய்தியைப் புறநானூறு தருகிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்துடன் காட்டினான். அவற்றின் புதுமையையும் பொலிவையும் பாராட்டிய ஔவையார், தம் மன்னனின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடப்பதாகக் கூறினார். புகழுரைபோல் ஒலித்த சொற்களுக்குள் எச்சரிக்கை பொதிந்திருந்தது. வள்ளுவரும் பொருட்பாலில் தூதுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். அரசுகளுக்கிடையே சொல் ஆற்றும் பணியைத் தமிழர் தொன்றுதொட்டே அறிந்திருந்தனர் என்பதற்கு இவை சான்றுகள்.

இதே திருத்தணி நம் காலத்தில் ஓர் எல்லைச் சிக்கலின் நடுவிலும் நின்றது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி அம்மாநிலத்துடன் சேர்ந்தது. ம.பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், எச்.வி. படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்திற்குச் சென்றன.

அவ்வழக்கில் ஈடுபட்ட இரு மாநிலங்களுக்கும் மேலாக ஒரு நாடாளுமன்றமும் ஓர் உச்ச நீதிமன்றமும் இருந்தன. அவற்றின் முடிவுக்கு இருதரப்பும் கட்டுப்பட வேண்டியிருந்தது. இரு நாடுகளுக்கிடையே பூசல் எழுந்தால் அவ்வாறு கட்டளையிடும் பேரரசு எதுவும் மேலே இல்லை. பேச்சு, உடன்படிக்கை, இருதரப்பும் இசைந்து செல்லும் நீதிமன்றம் ஆகியவையே வழிகள். அவை தவறினால் எஞ்சுவது வலிமை. வலிமை குறைந்த நாட்டிற்கு முதல் மூன்று வழிகளும் உயிர்நாடியாகின்றன. அவற்றைப் பேணும் பொறுப்பு அந்நாட்டின் வெளியுறவு அமைச்சகத்தைச் சார்ந்தது.

தூதரின் பணி

திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், குடியரசுத் தலைவராவதற்கு முன் 1949 முதல் 1952 வரை சோவியத் நாட்டில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். அயல்நாட்டுத் தூதர்களை அரிதாகவே சந்தித்த ஸ்டாலின், 1950இலும் 1952இலும் அவரைச் சந்தித்து உரையாடினார். புதிதாக விடுதலை பெற்ற நாடு ஒன்றைப் பற்றிய ஐயங்களை நேரிற்பேசிக் குறைப்பதற்கு இத்தகைய சந்திப்புகள் துணைபுரிந்தன.

தூதரின் பணிகளை 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வரையறுத்துள்ளது. தம் நாட்டின் சார்பாளராக விளங்குதல், தம் நாட்டினது நலனையும் குடிமக்களது நலனையும் காத்தல், பேச்சு நடத்துதல், அந்நாட்டு நிலைமையை முறையான வழிகளில் அறிந்து தம் அரசுக்குத் தெரிவித்தல், நட்புறவை வளர்த்தல் ஆகிய ஐந்தும் முதன்மையானவை. இப்பணிகளுக்கு இடையூறு நேராதிருக்கவே, தூதரக வளாகத்திற்குள் அந்நாட்டுக் காவலர் இசைவின்றி நுழையக்கூடாது என்றும், தூதரைக் கைது செய்யக்கூடாது என்றும் அவ்வுடன்படிக்கை கூறுகிறது. பெரிய நாட்டின் தூதருக்கும் சிறிய நாட்டின் தூதருக்கும் இவ்வுரிமைகள் ஒன்றே.

தெரியுமா?

தூதர்: ஒரு நாட்டின் தலைவர் மற்றொரு நாட்டிற்கு அனுப்பும் முதன்மைச் சார்பாளர். காமன்வெல்த் நாடுகள் தமக்குள் இவரை 'உயர் ஆணையர்' என்று அழைக்கின்றன.
துணைத் தூதரகம்: தலைநகரல்லாத நகரங்களில் குடிமக்கள் நலம், நுழைவுரிமை, வணிகம் முதலியவற்றைக் கவனிக்கும் அலுவலகம். சிங்கப்பூருக்குப் புதுதில்லியில் உயர் ஆணையமும் சென்னை, மும்பை நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன.
உறையாத் தூதர்: தாம் நியமிக்கப்பட்ட நாட்டில் தங்காமல், தம் நாட்டிலிருந்தே அவ்வப்போது சென்று பணியாற்றுபவர்.

ஒரே நாளில் பிறந்த பொறுப்பு

சிங்கப்பூர் 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியக் கூட்டரசில் இணைந்தது. அவ்விணைப்பு இரண்டாண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று அது தனிநாடாகப் பிரிந்தது. அன்று அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். திருத்தணி அமைந்துள்ள இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பரப்பில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மக்கள்தொகை 19 லட்சம் அளவில் இருந்தது. கடலைத் தூர்த்து நிலம் பெருக்கிய பின்னர் இன்று பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டராக உயர்ந்துள்ளது.

அந்நாள்வரை அயலுறவை முதலில் பிரிட்டனும் பின்னர்க் கோலாலம்பூரும் கவனித்து வந்தன. ஆகவே, வெளியுறவு அமைச்சகம் என ஒன்று சிங்கப்பூரில் இல்லை. பயிற்சி பெற்ற தூதர்கள் இல்லை, தூதரகங்களும் இல்லை. அமைச்சகத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பும் பொறுப்பு சின்னத்தம்பி ராஜரத்தினத்திடம் ஒப்படைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர் அவர். சட்டம் பயில இலண்டன் சென்று, இதழாளராகத் திரும்பியவர். சொல்லைத் தொழிலாகக் கொண்ட அவர் 1965 முதல் 1980 வரை வெளியுறவு அமைச்சராக விளங்கினார்.

புதிய நாட்டின் முதல் தேவை பிற நாடுகளின் ஏற்பு. ஏற்பு இல்லையெனில் உடன்படிக்கை செய்ய முடியாது. கடன் பெற முடியாது. தாக்கப்பட்டால் முறையிடவும் இடமில்லை. இந்தியா 1965 ஆகஸ்டிலேயே சிங்கப்பூரை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று சிங்கப்பூர், மற்றொரு தீவு நாடான மாலத்தீவு, ஆப்பிரிக்காவின் காம்பியா ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராயின. எல்லா நாடுகளுடனும் நட்பு, எந்த வல்லரசின் அணியிலும் சேராமை என்பதே தம் நாட்டின் நிலைப்பாடு என ராஜரத்தினம் அங்கு உலகிற்கு எடுத்துரைத்தார்.

உயிர்நீர்

சிங்கப்பூரில் குறிப்பிடத்தக்க ஆறுகள் இல்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து குழாய் வழியே வரும் நீரையே அது பெரிதும் நம்பியிருந்தது. 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட இரு தண்ணீர் உடன்படிக்கைகள் அதற்கு அடிப்படை. இரண்டாவது உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் நீர்வரை எடுக்கலாம். 2061 வரை அது செல்லும்.

பிரிவினையின்போது சிங்கப்பூர் செய்த அரிய செயல் ஒன்றுண்டு. இத்தண்ணீர் உடன்படிக்கைகள் மதிக்கப்படும் என்ற உறுதியைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே அது சேர்த்தது. அவ்வொப்பந்தம் ஐக்கிய நாடுகள் அவையில் பதிவு செய்யப்பட்டது. இதனால் ஒரு நகரின் குடிநீர் ஏற்பாடு, இரு நாடுகள் உலகின்முன் அளித்த வாக்காக உயர்ந்தது.

தண்ணீர்ப் பேச்சின் அருமையை நம் பகுதியினரும் அறிவர். ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே திருவள்ளூர் மாவட்டத்தின் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வரும் கிருஷ்ணா நீர், மாநிலங்களுக்கிடையே 1983இல் ஏற்பட்ட தெலுங்கு கங்கைத் திட்ட உடன்பாட்டின் பயன். அதுவே இரு நாடுகளுக்கிடையே எனில் சிக்கல் மேலும் கூர்மையடையும்.

மலேசியாவின் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. ஆயிரம் கேலனுக்கு மூன்று சென் என்ற பழைய விலை மிகக் குறைவு என அது முறையிடுகிறது. விலையைத் திருத்தக் குறித்திருந்த காலம் கடந்துவிட்டது என்பது சிங்கப்பூரின் மறுமொழி. இக்கருத்து வேறுபாடு நீடித்தபோதிலும் நீர் வருவது நிற்கவில்லை. அதேவேளை சிங்கப்பூர் வாக்கை மட்டும் நம்பி அமைதியாக இருந்துவிடவில்லை. 2003 முதல் கழிவுநீரைத் தூய்மையாக்கிப் பயன்படுத்தும் 'நியூவாட்டர்' நிலையங்களையும், 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளையும் நிறுவியது. பிறரிடம் கையேந்தும் நிலை குறையுந்தோறும் பேச்சுமேடையில் குரலின் உறுதி கூடுகிறது.

உறுதியும் பணிவும்

சிங்கப்பூர் மலேசியாவின் பகுதியாக இருந்தபோது, அக்கூட்டரசை எதிர்த்து இந்தோனேசியா மோதல் நடவடிக்கைகளில் ஈடுபட்டது. 1965 மார்ச் 10 அன்று சிங்கப்பூரின் மெக்டொனால்டு மாளிகையில் வெடித்த குண்டு மூவரின் உயிரைப் பறித்தது. அதை வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவருக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ அவர்களின் உயிரைக் காக்க வேண்டுகோள் விடுத்தார். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அண்டை நாட்டின் வேண்டுகோளுக்கு இணங்கித் தன் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றினால், இனி எந்தத் தீர்ப்பும் தனதாக இராது எனச் சிங்கப்பூர் கருதியது. 1968 அக்டோபரில் தண்டனை நிறைவேறியது. சகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் தாக்கப்பட்டது. உறவு கசந்தது.

ஐந்தாண்டுகள் சென்றபின், 1973இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ இந்தோனேசியா சென்றார். அங்குள்ள கலிபாத்தா வீரர் நினைவிடத்தில், அவ்விருவரின் கல்லறைகள்மீது மலர் தூவினார். தீர்ப்பு தவறு என அவர் கூறவில்லை. எனினும், அண்டை நாட்டு மக்களின் துயரை மதித்த அச்செயல் அடைபட்ட கதவைத் திறந்தது. சட்டத்தில் உறுதி, மனிதரிடத்துப் பணிவு என்னும் இரண்டும் ஒருசேர அமைவதே அரசுறவின் நுட்பம் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கொள்கைக்குத் தரும் விலை

பெரிய நாடு சிறிய நாட்டினுள் படையுடன் நுழைவது தவறு என்பது சிங்கப்பூர் விடாது பற்றிநிற்கும் கொள்கை. அதைச் சொல்வது எளிது; எல்லோரிடத்தும் ஒரேபோல் சொல்வது கடினம்.

1978 இறுதியில் வியட்நாமியப் படைகள் கம்போடியாவினுள் நுழைந்தன. அங்கு ஆட்சியிலிருந்தது தன் மக்களையே பெருந்தொகையாகக் கொன்ற போல் பாட்டின் கொடிய அரசு. அது வீழ்ந்தது நன்றே எனப் பலர் எண்ணினர். இந்தியா 1980இல் புதிய அரசை ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரோ, ஓர் அரசு கொடியது என்பதற்காக அயல்நாட்டுப் படை அங்கு ஆட்சியை நிறுவலாம் என ஒப்பினால், நாளை எந்தச் சிறுநாட்டிற்கும் அதே காரணம் கூறப்படும் என வாதிட்டது. அதன் விளைவாக, வீழ்ந்த அரசின் பெயருக்கே ஐக்கிய நாடுகள் அவையில் இருக்கை நீடிக்கச் சிங்கப்பூரும் துணைநின்றது. இந்நிலைப்பாடு இன்றும் திறனாய்வுக்கு உள்ளாகிறது. கொள்கைகள் சில வேளைகளில் கசப்பான துணைகளுடன் நம்மை நிறுத்திவிடும் என்பதை மாணவர் இதன்வழி சிந்திக்கலாம்.

1983இல் அமெரிக்கா, கிரெனடா என்னும் கரீபியத் தீவு நாட்டினுள் படையுடன் நுழைந்தது. அமெரிக்கா சிங்கப்பூரின் நெருங்கிய நண்பன். இருப்பினும் ஐக்கிய நாடுகள் அவையில் அச்செயலைக் கண்டித்த தீர்மானத்திற்கு ஆதரவாகச் சிங்கப்பூர் வாக்களித்தது. வியட்நாமுக்குச் சொன்னதை அமெரிக்காவுக்குச் சொல்லாதிருந்தால், முன்னர்ச் சொன்னது வெறும் பக்கச்சார்பாகிவிடும். 2022இல் உக்ரைன்மீது இரசியா படையெடுத்தபோதும் இதே அடிப்படையில் சிங்கப்பூர் தானே முன்வந்து தடைகளை விதித்தது.

கடலுக்கு ஒரு சட்டம்

சிங்கப்பூரின் வாழ்வு அதன் துறைமுகத்தில் உள்ளது. கப்பல்கள் வந்துசேரும் நீரிணைகளோ மிகக் குறுகியவை. ஒவ்வொரு நாடும் கரையிலிருந்து 12 கடல் மைல்வரை தன் ஆட்சிக்கடலாகக் கொண்டால், 24 கடல் மைலுக்கும் குறுகிய நீரிணையில் பொதுக்கடல் என்பதே எஞ்சாது. அண்டை நாடுகள் வழியை அடைத்தால் துறைமுகம் வறண்டுவிடும். எனவே, நீரிணைகளின் வழியே தடையின்றிக் கடந்துசெல்லும் உரிமை உலகச் சட்டமாக வேண்டும் எனச் சிங்கப்பூர் முனைந்தது.

1973இல் தொடங்கிய ஐக்கிய நாடுகள் கடற்சட்ட மாநாட்டிற்கு இலங்கையைச் சேர்ந்த ஹாமில்டன் ஷர்லி அமரசிங்க தலைமை தாங்கினார். 1980இல் அவர் மறைந்தபின், சிங்கப்பூரின் டாமி கோ தலைமையேற்று அதனை நிறைவு செய்தார். 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மாண்டிகோ விரிகுடா நகரில் உடன்படிக்கை கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. உலகக் கடல்களின் சட்டநூலை உருவாக்கிய பணியில் இலங்கை, சிங்கப்பூர், ஜமைக்கா என்னும் மூன்று தீவு நாடுகளின் பெயர்கள் நிலைத்துவிட்டன. கரையிலிருந்து 200 கடல் மைல்வரை மீன்வளத்திற்கும் கடலடிச் செல்வத்திற்கும் உரிமை தரும் தனிப் பொருளாதார மண்டலமும் இவ்வுடன்படிக்கையில் இடம்பெற்றதே.

சட்டத்தை ஆக்கியவர் அதற்குக் கட்டுப்படவும் வேண்டும். சிங்கப்பூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் பெட்ரா பிராங்கா என்னும் பாறைத்தீவு உள்ளது. அளவில் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். அதன்மேல் 1851இல் கட்டப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1979இல் மலேசியா அத்தீவைத் தன் வரைபடத்தில் சேர்த்ததிலிருந்து பூசல் வளர்ந்தது. இரு நாடுகளும் இசைந்து 2003இல் வழக்கைப் பன்னாட்டு நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றன. 2008 மே 23 அன்று தீவு சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கும் உரியன எனத் தீர்ப்பாயிற்று. இருதரப்பும் எதிர்பார்த்த அனைத்தும் எவருக்கும் கிட்டவில்லை. எனினும் ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

சிறியோர் சேர்ந்த அவை

தனித்து நிற்கும் சிறுநாட்டின் குரல் மெல்லியது. 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் 'ஆசியான்' கூட்டமைப்பை நிறுவின. சிங்கப்பூரின் சார்பில் கையொப்பமிட்டவர் ராஜரத்தினம். நேற்றுவரை மோதிய அண்டை நாடுகளே ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தன.

1992இல் சிங்கப்பூரின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் அவையில் 'சிறுநாடுகள் மன்றம்' தோன்றியது. 16 நாடுகளுடன் தொடங்கிய இம்மன்றத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. ஐக்கிய நாடுகள் அவையின் 193 உறுப்பு நாடுகளில் இது பாதிக்கும் மேல். உலகில் சிறியவையே பெரும்பான்மை என்ற உண்மையை இம்மன்றம் வெளிக்கொணர்ந்தது.

அமைச்சகமும் மனிதர்களும்

எல்லா நாடுகளிலும் தூதரகம் அமைக்கும் ஆற்றல் சிறுநாட்டிற்கு இல்லை. சிங்கப்பூருக்கு உலகெங்கும் ஏறத்தாழ ஐம்பது தூதரகங்களும் துணைத் தூதரகங்களும் உள்ளன. எஞ்சிய நாடுகள் பலவற்றிற்கு உறையாத் தூதர்களை அது நியமிக்கிறது. பேராசிரியர்களும் தொழில் முனைவோரும்கூட இப்பொறுப்பை ஏற்கின்றனர்.

இப்பணியில் சில வேளைகளில் உயிரையே பணயம் வைக்க நேரும். 1974 ஜனவரி 31 அன்று ஆயுதமேந்திய நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய் நிலையத்தைத் தாக்கி, 'லாஜு' என்னும் படகையும் அதன் பணியாளரையும் கைப்பற்றினர். பலநாள் பேச்சின்பின், பிணையாளிகளை விடுவித்தால் பாதுகாப்பாக வெளியேறலாம் என்று அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. அவ்வாக்கிற்கு உறுதியாகப் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி எஸ்.ஆர். நாதன் தலைமையில் 13 பேர் அவர்களுடன் குவைத்துவரை விமானத்தில் சென்று, நலமுடன் திரும்பினர். தமிழரான நாதன் பின்னர் வெளியுறவு அமைச்சகத்தின் நிரந்தரச் செயலாளராகவும், அமெரிக்காவில் தூதராகவும், 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராகவும் விளங்கினார். ராஜரத்தினத்திற்குப்பின் எஸ். தனபாலன், எஸ். ஜெயக்குமார், கா. சண்முகம், விவியன் பாலகிருஷ்ணன் எனத் தமிழ் மரபினர் பலர் வெளியுறவு அமைச்சராகியுள்ளனர்.

சொல்லுக்குத் துணை

சொல் மட்டுமே ஒரு நாட்டைக் காத்துவிடும் என்று கொள்ளலாகாது. சிங்கப்பூர் 1967 முதல் இளைஞர்க்குக் கட்டாயப் படைப்பயிற்சி அளிக்கிறது. நீரையும் நிதியையும் சேமிக்கிறது. இவை பேச்சுக்குப் பின்புலமாக நிற்பவை. எனினும் படையால் அண்டை நாடுகளை வெல்லவோ, பொருளால் வல்லரசுகளை விலைக்கு வாங்கவோ சிறுநாட்டால் இயலாது. ஒப்பந்தத்தை மதித்தல், ஒரே அளவுகோலால் அளத்தல், தோற்கும் வாய்ப்பு இருந்தாலும் நீதிமன்றத்தை ஏற்றல் ஆகியவற்றால் அது ஈட்டும் நம்பகமே அதன் பெருஞ்செல்வம்.

அந்நம்பகம் ஒருநாளில் கிட்டுவதன்று. ஒரே ஒரு பொய்யால் அழியக்கூடியது. வல்லவன் வாக்குத் தவறினால் அவனிடம் வலிமை எஞ்சும். சிறியவன் வாக்குத் தவறினால் அவனிடம் எதுவும் எஞ்சுவதில்லை. ஆதலால்தான் சிறுநாடுகள் சட்டத்தின் பக்கம் நிற்கின்றன.

கற்பவை கற்றபின்...

1. வடக்கெல்லைச் சிக்கல், பெட்ரா பிராங்கா வழக்கு ஆகிய இரண்டும் தீர்க்கப்பட்ட முறைகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'கம்போடியச் சிக்கலில் சிங்கப்பூரின் நிலைப்பாடு ஏற்புடையதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. தண்ணீர்ப் பங்கீட்டிற்காகப் பேச்சு நடத்தும் இரு நாடுகளின் தூதர்களாக உங்களைக் கருதிக்கொண்டு ஓர் உரையாடல் அமைக்க.